சுவிட்ச் இருக்கு, பிடிஓ இல்ல

மூணு நாளா தூக்கமில்ல. கண்ண மூடுனா அந்தத் தகடுதான் வருது. கியர்பாக்ஸ் பக்கத்துல ஆறு போல்ட் போட்டு அடைச்சு வச்ச ஒரு இரும்புத் தகடு, உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அந்த எடத்துல பிடிஓ இருக்கணும், எஞ்சின் சக்திய கியர்பாக்ஸ்லேர்ந்து எடுத்து வேற மிஷின ஓட்டுற சாமான். அதுக்காகத்தான் நான் டிரெய்லர் இழுக்கிற இந்த பிரைம் மூவர் லாரியையே வாங்குனேன்.

சிமெண்ட் டேங்கர் இழுக்கிறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம். சிங்கப்பூர் ஜூரோங் துறைமுகத்துல சிமெண்ட் பவுடர் ஏத்திட்டு காங்கிரீட் கலக்குற பேட்சிங் பிளாண்டுக்குப் போனா அங்க சிமெண்ட் தானா கொட்டாது, புளோவர் காத்தடிச்சு டேங்குக்குள்ள பிரஷர் ஏத்தி ஹோஸ் வழியா சைலோ, அதான் சிமெண்ட் சேத்து வைக்கிற உயரமான தொட்டி, அதோட உச்சிக்குத் தள்ளணும், அந்த புளோவர சுத்த வைக்கிறதே பிடிஓதான். என்னோட பழைய வண்டிக்கு 20 வருஷம் முடிஞ்சு போச்சு, அதுக்கு மேல இங்க லாரிய வச்சுக்க முடியாது, ஸ்கிராப்புக்கு அனுப்பிட்டேன். புளோவர மட்டும் கழட்டி வச்சிருக்கேன். அத மாட்ட ஒரு வண்டி வேணும், அவ்வளவுதான் நான் கேட்டது.

கேட்டேன்யா. வண்டிய வித்தவர்கிட்ட மூணு தடவ கேட்டேன். போன்ல ஒரு தடவ, யார்டுல ஒரு தடவ, டெபாசிட் 2,000 வெள்ளிய கைல குடுக்கிறப்ப ஒரு தடவ. "அண்ணே, சிமெண்ட் டேங்கருக்குண்ணே, பிடிஓ கண்டிப்பா இருக்கணும்." "இருக்கு தம்பி, ஏறிப் பாரு"ன்னு கேபின்ல ஏத்தி டேஷ்போர்ட காட்டுனாரு. சுவிட்ச் இருந்துச்சு, பல்சக்கரப் படம் போட்டு. ராத்திரி ஏழரை மணி, ஹெட்லைட்ட போட்டு வச்சிருந்தாரு, சுவிட்ச் பச்சையா எரிஞ்சுச்சு. அந்த வெளிச்சம் ஹெட்லைட் போட்டா எல்லா சுவிட்ச்லயும் எரியற வெளிச்சம், பிடிஓ வேலை செய்யறதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, அது அவருக்கு நல்லாத் தெரியும். "கீழ படுத்து ஒரு தடவ பாத்துடறேன்ணே"ன்னேன். "மழை பெஞ்சு சேறா கெடக்கு தம்பி, சட்ட வீணாயிரும்"னு தோள்ல கை போட்டு கூட்டிட்டுப் போயி கோப்பி வாங்கிக் குடுத்தாரு. அந்தக் கோப்பி இன்னும் தொண்டையில கசக்குது.

பேர் மாத்தியாச்சு, இன்சூரன்ஸ் கட்டியாச்சு, கனரக வண்டி பார்க்கிங் சர்டிபிகேட் எடுத்தாச்சு. சனிக்கிழம மெக்கானிக் அண்ணன் புளோவர் மாட்ட வந்தாரு. அட்டைய விரிச்சு வண்டிக்கு அடியில போனாரு, டார்ச் அடிச்சாரு, ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்பறம் "தம்பி, உள்ள வா"ன்னாரு. நானும் படுத்தேன். துணியால கிரீஸ தொடச்சுக் காட்டுனாரு. தகடு. ஆறு போல்ட்டு மேலயும் கம்பெனில அடிச்ச பெயிண்ட் ஒரு கீறல் இல்லாம அப்படியே இருக்கு. "இதுல ஒரு ஸ்பேனர் கூடப் பட்டதில்லப்பா"ன்னாரு.

அங்க படுத்துக்கிட்டே வித்தவருக்குப் போன் போட்டேன். மொத வார்த்த, "முன்னாடி ஓனர் கழட்டிருப்பான் தம்பி." கழட்டுனா போல்ட்டுல பெயிண்ட் எப்படிண்ணே ஒடையாம இருக்கும்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்ல. அப்பறம் சொன்னாரு பாருங்க, "நான் சுவிட்ச் இருக்குன்னுதான காட்டுனேன், பிடிஓ ஓடும்னு சொன்னனா?" இதக் கேட்டதுக்கப்பறம் எனக்குக் கை நடுங்குது. சுவிட்ச வச்சு நான் என்ன பண்றது, சைலோவுக்குக் கீழ நின்னு சுவிட்ச அமுக்கி அமுக்கி சிமெண்ட்ட மேல ஏத்தவா? நம்ம ஆளு, நம்ம பாஷை, ஏமாத்த மாட்டாருன்னு நம்பித்தான் அவர்கிட்டப் போனேன்.

பழுதான சாமான வித்தவங்கள கேள்வி கேக்க லெமன் சட்டம் இருக்கேன்னு ஃபிரண்ட்ஸ் சொல்றாங்க. 2012லேர்ந்து இருக்கு, பழைய காருக்கும் செல்லும், ஆனா தொழிலுக்குன்னு வாங்குன வண்டிக்கு அது கெடையாது. சின்னத் தொகை வழக்குக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்துல 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், கேக்கத்தான் போறேன், ஆனா என்கிட்ட எழுத்துல என்ன இருக்கு? விளம்பரத்துல "ஃபுல் ஸ்பெக்"னு ஒரு வார்த்த இருக்கு. பிடிஓன்னு எங்கயும் எழுதல. பேசுனது எல்லாம் வாய்ப்பேச்சு. பழைய வண்டியோட பிடிஓ இதுக்கு ஆகாது, கியர்பாக்ஸ் வேற, பல்லு சேராது. புதுசு ஆர்டர் பண்ணி ஷாஃப்ட் போட்டு மாட்ட 5,500 வெள்ளி, சாமான் வர மூணு வாரமாம். அந்த மூணு வாரமும் வண்டி சும்மா நிக்கும், நின்னாலும் சீஓஈ, அதான் வண்டி வச்சுக்க காசு கட்டி வாங்குற அனுமதி, அதோட காலம் ஓடிக்கிட்டேதான் இருக்கும். இன்னும் நாலு வருஷ சீஓஈ இருக்குன்னு அதுக்கும் சேத்துத்தான் என்கிட்ட வெல வாங்குனாரு. திங்கக்கெழம லோடு எடுக்க வர்றேன்னு சொன்ன எடத்துல வேற ஆள் போட்டுட்டாங்க. டிரைவர் தம்பி ஊர்லேர்ந்து வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, "அண்ணே இந்த மாசம் சம்பளம் வந்துருமா?"ன்னு மெதுவா கேட்டான். வரும்டான்னேன். என் கைக்காசு போனாலும் வரும்.

நேத்து ராத்திரி வண்டிய ஒரு தடவ பாத்துட்டு வரலாம்னு பார்க்கிங்குக்குப் போனேன். பஸ்ஸ விட்டு எறங்கி இருட்டுல இருபது நிமிஷம் நடந்து போய்ப் பாத்தா என் வண்டி மூஞ்சிக்கு முன்னாடி எவனோ காலி டிரெய்லர குறுக்க கழட்டி விட்டுட்டுப் போயிருக்கான். ஒரு போன் நம்பர் கூட எழுதி வைக்கல. மாசா மாசம் காசு கட்டுறேன்யா அந்த லாட்டுக்கு.