விதி மாறும் தேதி யாருக்குப் பொருந்த வேண்டும்?

எவரை உள்ளே விடுவது, எத்தனை பேரை விடுவது என்று தீர்மானிப்பது ஒவ்வொரு நாட்டின் உரிமை. அதில் எனக்கு மறுப்பில்லை. என் கேள்வி வேறு. புதிய விதி இனிமேல் விண்ணப்பிப்பவருக்கு மட்டுமா, அல்லது பழைய விதியை நம்பிக் கடன் வாங்கி, கட்டணம் கட்டி, பாதிப் படிப்பைக் கடந்துவிட்டவருக்கும் சேர்த்தா? குடியேற்ற விதிகளைப் பற்றிய விவாதங்களில் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர்களுக்கான தற்காலிகப் பட்டதாரி விசாவுக்கு வயது வரம்பு 50 ஆக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது 35 ஆகக் குறைக்கப்பட்டது. ஆய்வுப் பட்டம் படிப்பவர்களுக்கும் இன்னும் சில பிரிவினருக்கும் விலக்கு உண்டு. ஆனால் வேலையை விட்டுவிட்டு, 37 வயதில் பாடவழி முதுகலைப் படிப்பில் முந்தைய ஆண்டே சேர்ந்துவிட்ட ஒருவருக்கு அந்த விலக்கு உதவாது. அவர் சேர்ந்தபோது திறந்திருந்த கதவு, பட்டம் வாங்கும்போது மூடியிருக்கும். தாம் செய்யாத எந்தத் தவறுக்கு அவர் இந்த விலையைக் கொடுக்கிறார்?

பிரிட்டனின் கதை இன்னும் நீளமானது. படிப்புக்குப் பிந்தைய பணி விசாவை அந்நாடு 2012இல் நிறுத்தியது. 2021 ஜூலையில் கிராஜுவேட் ரூட் என்ற பெயரில் இரண்டு ஆண்டு அனுமதியாக மீண்டும் கொண்டுவந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு அதை 18 மாதங்களாகச் சுருக்குகிறது. முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் மூன்று ஆண்டுகள் தொடரும். 2024 செப்டம்பரில் மூன்றாண்டு இளங்கலைப் படிப்பில் சேர்ந்தவர் இரண்டு ஆண்டுகளைக் கணக்கில் வைத்துச் சேர்ந்திருப்பார். 2027இல் அவருக்குக் கிடைப்பது ஒன்றரை ஆண்டு. ஆறு மாதம்தானே என்று தோன்றலாம். அந்த அவகாசத்துக்குள் பணி விசாவுக்கு ஸ்பான்சர் செய்யக்கூடிய முதலாளியைக் கண்டுபிடித்தாக வேண்டும். திறன்மிகு தொழிலாளர் விசாவுக்கான பொதுவான ஆண்டுச் சம்பள வரம்போ 26,200 பவுண்டிலிருந்து 2024 ஏப்ரலில் 38,700 ஆகவும், 2025 ஜூலையில் 41,700 ஆகவும் உயர்ந்திருக்கிறது. புதிதாக வேலைக்கு வருவோருக்குச் சலுகை உண்டென்றாலும், வரம்பை உயர்த்திக்கொண்டே அவகாசத்தையும் குறைப்பது இரண்டு பக்கமிருந்தும் நெருக்குவதுதான்.

எல்லா மாற்றத்தையும் நான் எதிர்க்கவில்லை. கனடாவுக்குப் படிக்க வரும் தனி மாணவர் வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை 2000களின் தொடக்கத்திலிருந்து 10,000 டாலராகவே இருந்தது. 2024 ஜனவரி முதல் அது 20,635 டாலரானது. இதைப் பலர் கொடுமை என்றார்கள். என்னைக் கேட்டால் இது காலம் கடந்து வந்த நேர்மை. பத்தாயிரத்தில் ஓராண்டு வாழ முடியும் என்று நம்பி வந்திறங்கி, வாடகைக்கே திண்டாடியவர்கள்தாம் அந்தப் பழைய தொகைக்குப் பலியானவர்கள். மேலும், இது விமானம் ஏறும் முன்பே தெரிந்துவிடுகிற விதி. அதே நாடு, 2024 நவம்பர் 1 முதல் பல படிப்புகளுக்குப் பிந்தைய பணி அனுமதியைத் துறை வாரியாகக் கட்டுப்படுத்தியபோது, அந்தத் தேதிக்கு முன்னரே படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தவர்களை விட்டுவைத்தது. மனமிருந்தால் இப்படியும் விதி எழுத முடியும்.

பழியை ஏஜென்டுகள் மீது போட்டுவிட்டு நகர்வது எளிது. படிப்பை விற்காமல் பி.ஆர். எனப்படும் நிரந்தர வதிவிட உரிமைக் கனவை விற்றவர்கள் அவர்கள் என்பது உண்மையே. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசு 2019இல் உள்நாட்டு மாணவர்களின் கட்டணத்தை 10 விழுக்காடு வெட்டி, அதன்பின் உறைய வைத்தபோது, கல்லூரிகள் அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்பும் என்று நினைத்தது? வெளிநாட்டு மாணவரின் கட்டணத்தில் பல வளாகங்கள் ஓடின. கூட்டம் பெருகியபின் அதே மாணவர் வீட்டு நெருக்கடிக்குக் காரணமானார்.

முதலீட்டாளர்களுக்காக இந்த அளவுக்குப் பரிந்து பேச எனக்கு மனம் வரவில்லை. இருபது லட்சம் பவுண்டுக்கு விசா தந்த திட்டத்தை பிரிட்டன் 2022 பிப்ரவரி 17 அன்று ஒரே நாளில் மூடியபோது, பணம் எங்கிருந்து வந்தது என்று சரியாக விசாரிக்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு ஏற்கெனவே வலுவாக இருந்தது. ஆனாலும் 2014இல் கனடா செய்ததை நியாயம் என்று சொல்ல மாட்டேன். எட்டு லட்சம் டாலரை ஐந்து ஆண்டுகளுக்கு வட்டியின்றிக் கொடுத்தால் நிரந்தர வதிவிட உரிமை என்ற திட்டத்தை நிறுத்தியதோடு, வரிசையில் காத்திருந்த சுமார் 65,000 பேரின் விண்ணப்பங்களையும் கட்டணத்தைத் திருப்பித் தந்து ரத்து செய்தது. அவர்களுள் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள். அதை நம்பித் தொழிலையும் பிள்ளைகளின் படிப்பையும் திட்டமிட்டிருந்தவர்கள். சிலர் நீதிமன்றம் சென்றும் பலன் இல்லை. கட்டணத்தைத் திருப்பித் தரலாம், ஆண்டுகளை எப்படித் தருவது?

நீதிமன்றம் எப்போதும் கைவிரித்துவிடுவதும் இல்லை. உயர்திறன் குடியேறிகள் திட்டத்தில் ஏற்கெனவே வந்துவிட்டவர்கள் மீதும் 2006இல் புதிய மதிப்பெண் முறையைத் திணித்த பிரிட்டன் அரசு, 2008இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தோற்றது. பழைய வாக்குறுதியை நம்பி வந்தவர்களிடம் விதியை மாற்றியது நியாயமற்றது என்று தீர்ப்பு வந்தது. இவ்வளவுக்குப் பிறகும், நிரந்தர வதிவிட உரிமைக்கான காத்திருப்பைப் பொதுவாக ஐந்திலிருந்து பத்து ஆண்டுகளாக்கும் யோசனையை 2025 நவம்பரில் கலந்தாய்வுக்கு வைத்த அதே நாட்டு அரசு, ஏற்கெனவே அங்கு வேலை செய்துகொண்டிருப்பவர்களையும் அதில் சேர்க்கவே விரும்பியது. மூன்றாண்டு, நான்காண்டு அந்த நாட்டில் வரி கட்டிவிட்டவர்களுக்காவது பழைய ஐந்தாண்டுக் கணக்கு அப்படியே தொடர வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.