சாவியைக் கொடுத்துவிட்டால் ஆச்சா?

பத்தொன்பது வருடம் வலது காலில் கியர் போட்டவன் நான். அப்பா வைத்திருந்த பழைய புல்லட், எங்கள் திருவொற்றியூரிலேயே செய்த வண்டி. கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. நியூட்ரலுக்கென்று தனியாக ஒரு குட்டி லீவர் இருக்கும், குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். புதிதாக ஏறுகிறவனுக்குத் தலை சுற்றும். எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை.

பிறகு ஒரு சாதாரண 150 சிசி வண்டிக்கு மாறினேன். இடது காலில் கியர், முதல் கியர் கீழே. அதாவது காலும் மாறிப்போச்சு, திசையும் மாறிப்போச்சு. மூன்றாம் நாள் காலை, தேரடி அருகே எனக்கு முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவதற்காகச் சட்டென்று நின்றது. என் இடது கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை, கியர்தான் இருந்தது. வண்டி மூன்றிலிருந்து இரண்டுக்கு விழுந்து ஒரு உறுமு உறுமி, ஹெட்லைட்டோடு ஆட்டோவின் பின்கம்பியில் போய் உட்கார்ந்தது. "வண்டி கத்துக்கினு ரோட்டுக்கு வாபா" என்றார் ஆட்டோக்காரர். பத்தொன்பது வருட சர்வீஸ் எனக்கு!

கார் ராலி, அதாவது சாலையை ஸ்டேஜ் ஸ்டேஜாகத் துண்டு போட்டு நேரம் பார்க்கும் பந்தயம், பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலைதான் ஞாபகம் வரும். என்னோடு சேர்ந்து பார்க்கும் நண்பர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். எந்த டிரைவராவது டீம் மாறி இரண்டு ராலியில் தடுமாறினால் உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: "ஆள் அவ்ளோதான், வண்டிதான் ஓடுச்சு, இவன் சும்மா உக்காந்துகினு இருந்தான்."

ஓட் டனாக் என்ற டிரைவரை அப்படித்தான் சொன்னார்கள். 2019-ல் டொயோட்டா யாரிஸில் உலக சாம்பியன். 2020 ஜனவரியில் மான்டே கார்லோ, ஹூண்டாயில் அவருக்கு முதல் ராலி. நாலாவது ஸ்டேஜில், ஏறக்குறைய 180 கிலோமீட்டர் வேகத்தில், வண்டி சாலையை விட்டுப் பறந்து சரிவில் உருண்டது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு வாசிக்கும் கோ-டிரைவரும் நடந்து வெளியே வந்ததே பெரிய விஷயம். புது வண்டி என்பதால்தான் அது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன், ராலியில் யாருக்கும் நடக்கும். ஆனால் நண்பர்கள் சொன்னார்கள். அடுத்து ஸ்வீடனில் இரண்டாம் இடம். செப்டம்பரில் சொந்த நாடான எஸ்டோனியாவில் முதல் இடம். வருடக் கடைசியில் மூன்றாவது. "அவ்ளோதான்" என்று சொன்ன வாய்கள் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தன.

வண்டி மாறினால் என்னதான் ஆகிறது? சர்க்யூட் ரேஸ் என்றால் ஒரே வளைவு திரும்பத் திரும்ப வரும், பத்து சுற்றில் கை பழகிவிடும். ராலியில் அது கிடையாது. முன்கூட்டியே மெதுவாக இரண்டு முறை போய்ப் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொள்ளலாம். அப்புறம் முழு வேகத்தில்தான். இந்த வளைவை எவ்வளவு வேகத்தில் எடுக்கலாம் என்பதை, வண்டி தன் பேச்சைக் கேட்கும் என்று நம்பித்தான் எழுதுகிறார்கள். வண்டி மாறினால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. பேப்பரில் இருக்கும் எண் அதேதான், ஆனால் கை அதை நம்பாது.

இன்னொன்று, இந்த டிரைவர்கள் இடது காலால் பிரேக் பிடிப்பார்கள். வலது கால் ஆக்ஸிலரேட்டரில் இருக்கும்போதே இடது கால் பிரேக்கை லேசாகத் தொடும். எடை முன்சக்கரத்துக்கு வரும், மூக்கு உள்ளே திரும்பும். இதெல்லாம் கண் இமைக்கும் நேரத்து வேலை. பெடல் கொஞ்சம் முன்னால் பிடித்தாலும் பின்னால் பிடித்தாலும், முன்பிரேக் பின்பிரேக் பங்கு கொஞ்சம் மாறினாலும், கணக்கு மொத்தமும் கெட்டுவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பியாச்சு, மூக்கு நேராகவே போகிறது. இதைத்தான் அண்டர்ஸ்டியர் என்பார்கள். அடுத்த வளைவில் அரை நொடி முன்னாலேயே வேகத்தைக் குறைக்கிறான். இருபது ஸ்டேஜ் இப்படிப் போனால் எங்கே ஜெயிப்பது?

செபாஸ்டியன் ஓஜியேவின் கதையில் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஃபோக்ஸ்வேகனில் 2013 முதல் 2016 வரை நாலு பட்டம். 2016 கடைசியில் கம்பெனி ராலிக் கடையைச் சாத்தியது. ஆளுக்கு வண்டியே இல்லை. எம்-ஸ்போர்ட் என்ற டீமின் ஃபோர்டு ஃபியஸ்டாவில் ஏறினார், 2017-ல் முதல் ராலியிலேயே மான்டே கார்லோவை ஜெயித்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த தியரி நூவில் என்ற டிரைவர் வண்டியை உடைத்துக்கொண்டதும் உதவியது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் 2017, 2018 இரண்டு வருடப் பட்டமும் அவருக்கே. அதே மனிதர் 2019-ல் சிட்ரோயன் போனார். மான்டே கார்லோவை வெறும் 2.2 நொடியில் ஜெயித்தார், மெக்சிகோ, துருக்கியும் ஜெயித்தார். ஆனால் அந்த சிட்ரோயன் சி3 காரின் மூக்கு கடைசிவரை அவர் பேச்சை முழுதாகக் கேட்கவில்லை. வருடக் கடைசியில் மூன்றாம் இடம். இன்னும் ஒரு வருட ஒப்பந்தம் இருக்கும்போதே கிளம்பிவிட்டார், சிட்ரோயனும் மூட்டை கட்டியது. அடுத்த வருடம் டொயோட்டா, அதிலும் சாம்பியன். திறமை போய்விட்டுத் திரும்பி வந்ததா என்ன?

2003-ல் சிட்ரோயனுக்கு கோலின் மெக்ரே, கார்லோஸ் சைன்ஸ் என்று இரண்டு டிரைவர்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். வண்டியும் ஒன்று, டீமும் ஒன்று. சைன்ஸ் துருக்கியில் ஜெயித்தார். மெக்ரேவுக்கு அந்த வருடம் ஒரு ராலிகூட விழவில்லை. அவர் ஒன்றும் புது வண்டியைக் கண்டு பயந்தவர் இல்லை, 1999-ல் ஃபோர்டு ஃபோகஸ் களம் இறங்கிய மூன்றாவது ராலியிலேயே, கென்யாவின் சஃபாரியில் ஜெயித்தவர். ஒருவருக்கு ஒத்துவருவது இன்னொருவருக்கு வராது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

டயர் மாறினாலே போதும். (டயர் பற்றிப் பேச எங்களுக்குத் தனி உரிமை உண்டு. 1946-ல் திருவொற்றியூர் கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்த எம்.ஆர்.எஃப்.-இன் டயரில்தான் 2022-ல் எஃப்ரென் யரேனா ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனார்.) 2025-ல் உலக ராலிக்கு ஹான்கூக் டயர் வந்தது, வண்டியிலிருந்து ஹைபிரிட் மின்மோட்டாரையும் கழற்றினார்கள். இரண்டு முறை சாம்பியன் ரோவன்பெரா, அதே டொயோட்டாவில், முதல் சில ராலிகளில் பிடி கிடைக்காமல் தவித்தார். கேனரி தீவுகளில் முழுக்கத் தார்ச் சாலை வந்த பிறகுதான் ஜெயித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மச்சான் டிரெய்லர் டிரைவர். மணலி யார்டிலிருந்து காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகம் என்று கன்டெய்னர் அடிக்கிறார். ரொம்ப வருடம் ஒரே பழைய லேலண்டு வண்டி. கிளட்ச் எங்கே பிடிக்கும், ஏர் பிரேக்கை எவ்வளவு மிதித்தால் எங்கே நிற்கும் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். போன வருடம் வேறு முதலாளியிடம் போனார். சாயங்காலம் நாலு மணிக்குப் புது வண்டியின் சாவி. ஏசி கேபின், கியர் அதிகம், பிரேக் தொட்டாலே பிடிக்கிறது. "அண்ணே, பாக்ஸு ஏத்தியாச்சு, கிளம்புங்க." காலி வண்டியாக யார்டில் ஒரு சுற்று போய்ப் பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறார். டீசல் யார் கொடுப்பார்கள் என்றார்களாம். கிளீனரும் புதுப் பையன். பழைய கிளீனர் "லெப்ட்ல வரலாம்" என்றால் எத்தனை சாண் இடம் என்று மச்சானுக்குத் தெரியும். இந்தப் பையன் "வரலாம்" என்றால் வரலாமா, வர முயற்சி செய்யலாமா என்று தெரியாது.

பக்கத்து சீட் ஆள் மாறுவது ராலியிலும் உண்டு. 2021 மான்டே கார்லோவுக்குச் சில நாள் முன்னால் அந்தத் தியரி நூவில் கோ-டிரைவரை மாற்றினார். புதிதாக வந்த மார்டைன் வைடாகேவுக்குத் தாய்மொழி ஃபிளெமிஷ், குறிப்பு வாசிப்பதோ பிரெஞ்சில். மூன்றாம் இடத்தில் முடித்தார்கள். 2024-ல் இதே ஜோடி சாம்பியன். அவர்களுக்கு அந்த நாலு வருடம் கிடைத்தது.

மச்சானுக்குக் கிடைத்தது யார்டு வாசல் வரை. இடது பக்கம் திரும்பும்போது டிரெய்லரின் பின்பக்கம் கேட் தூணை உரசியது. மட்கார்டு நசுங்கியது, ஒரு விளக்கு போச்சு. இரண்டு வாரத்துப் பேட்டாவில் பிடித்துக்கொண்டார்கள். "இத்தனை வருஷம் ஓட்டினேன்னு சொன்னியே" என்று மேனேஜர் கேட்டாராம். அந்த ஆட்டோக்காரர் என்னைக் கேட்டதுதான், வார்த்தை மட்டும் வேறு.

உலக சாம்பியனுக்கு டெஸ்ட் நாட்கள் உண்டு. என்ஜினியர் பக்கத்தில் நின்று "எங்கே பிடிக்கவில்லை, சொல்" என்று கேட்டு எழுதிக்கொள்வார். டேம்பர், டிஃபரென்ஷியல், பெடல் எல்லாவற்றையும் அவருக்கு ஏற்ற மாதிரி திருப்பிக் கொடுப்பார்கள். அப்படியும் மாதக்கணக்கில் தடுமாறுகிறார், நாமும் பொறுத்துக்கொண்டு பார்க்கிறோம். இருபது டன் சரக்கோடு எண்ணூர் விரைவுச் சாலையில், பள்ளிப் பிள்ளைகளுக்கும் டூவீலர்களுக்கும் நடுவே போகிறவருக்கு மட்டும் காலி வண்டியில் ஒரு மணி நேரம் கொடுக்க டீசல் கணக்குப் பார்க்கிறோம். ஒரு நாள் கொடுங்களேன். பழைய டிரைவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு டிரிப் அனுப்புங்களேன். தூணைவிட அது மலிவு.

போன ஞாயிறு மச்சான் வீட்டுக்கு வந்திருந்தார். டனாக் வண்டி பறந்த வீடியோவைப் போனில் காட்டினேன். இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். மூன்றாவது முறை நிறுத்தி, உருண்டு கிடந்த வண்டியைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுக்கு அவன்கிட்ட எவ்ளோ பிடிச்சாங்க?"