ஊட்டி சதுப்பில் நிலக்கரியா? இல்லை, அது பீட்

"ஊட்டிப் பக்கம் நிலக்கரி கெடச்சிருக்கு, நெய்வேலி மாதிரி திறந்தவெளிச் சுரங்கம் வருது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு. அந்தச் செய்தியோடு வரும் படத்தில் இருக்கும் கறுப்புக் கட்டி, சதுப்பில் தாவரம் அரைகுறையாக மட்கிய பீட். பிழிந்தால் தண்ணீர் சொட்டும், வேர்நார் தெரியும். காய்ந்தால் எரியும்தான், ஆனால் புகைதான் அதிகம். அடியில் இருப்பது சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய சார்னோகைட் பாறை. நிலத்தில் செடியே முளைக்காத காலத்தது. அதில் ஏது நிலக்கரி?

நெய்வேலியோ வண்டல் படிந்து உருவான படுகை. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணைப் பிரம்மாண்டமான வாளிச்சக்கர இயந்திரங்கள் அள்ளுகின்றன. பெரிய தலைவலி மண் அல்ல, நிலக்கரி அடுக்குக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர். இரவு பகலாகப் பம்ப் செய்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத் தரையே பிதுங்கி உடையும்.