அரைக் கிண்ணம் கஞ்சத்தனம் இல்லை
கசகஸ்தானின் ஜார்கென்ட் ஊரில் ஒரு வீட்டில் அரைக் கிண்ணம்தான் தேநீர் தந்தார்கள், கஞ்சத்தனம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியில்லை. கசாக் வழக்கத்தில் குறைவாக ஊற்றுவதுதான் மரியாதை; ஆறுவதற்குள் குடித்துவிடலாம், திரும்பத் திரும்ப ஊற்றும் சாக்கில் பேச்சும் வளரும். தளும்ப ஊற்றினால் கிளம்பலாம் என்று பொருள். நானும் அதே ஊரில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆணி இல்லாமல் கட்டிய மரப் பள்ளிவாசலைப் பார்த்துக்கொண்டே நின்று அல்மாத்தி நகருக்குப் போகும் வண்டியைத் தவறவிட்டவன்தான். பக்கத்துக் கடைப் பாட்டி வீட்டுக்கே கூட்டிப்போய் தட்டு நிறைய பௌர்சாக் வைத்தார் (போண்டா மாதிரிதான், உள்ளே ஒன்றும் இருக்காது). எனக்குத் தெரிந்தது நாலு ரஷ்யச் சொல். ஏழாவது கிண்ணத்தைக் கையால் மூடிய அப்புறம்தான் விட்டார். மேலே பின்னூட்டத்தில் ஒருவர் குமிஸ் (புளிக்கவைத்த பால் பானம்) பசும்பாலில் செய்வது என்கிறார், இல்லை, குதிரைப்பால்.