திருவனந்தபுரத்துக்கு ஏ380 வேண்டாம், வயிறுள்ள விமானம் வேண்டும்

இந்த வாரம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே விமானச் சண்டை. ஏர்பஸ்ஸின் ஏ350 நல்லதா, போயிங்கின் 777எக்ஸ் நல்லதா, திருவனந்தபுரத்துக்கு அந்த இரண்டு மாடி ஏ380 எப்போது வரும் என்று பையன்கள் நடுராத்திரி தாண்டியும் விடவில்லை. எல்லாம் விவரமான பிள்ளைகள். வாலைப் பார்த்தே வகையைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அத்தனை பேச்சிலும் ஒருவர்கூட விமானத்தின் வயிற்றைப் பற்றிப் பேசவில்லை. இருக்கைக்குக் கீழே என்ன போகிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருந்து வளைகுடாவுக்குக் காயும் பூவும் அனுப்புகிறவன். பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. தோவாளைப் பிச்சிப்பூ, முருங்கைக்காய், கோவைக்காய், கறிவேப்பிலை, ஏத்தன்காய், ஓணம் நெருங்கினால் வாழையிலை. எங்களுக்கு மதுரை தூரம், சென்னை அதைவிடத் தூரம். எல்லை தாண்டி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓட்டினால் திருவனந்தபுரம் விமான நிலையம். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலத்துக்காக ஓடுபாதையைச் சில மணி நேரம் மூடுவார்கள். அந்த நாட்களைக்கூட நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்துத்தான் நாங்கள் லோடு ஏற்றுகிறோம்.

போன ஓணத்துக்கு முந்தின வாரம் நடந்ததைச் சொல்கிறேன். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்து 38 பெட்டி பிச்சி, கூடவே முருங்கையும் வெண்டையும். மொத்தம் இரண்டு டன்னுக்குப் பக்கம். பெரிய விமானம் என்று சொல்லித்தான் இடம் பதிவு செய்திருந்தோம். தாளெல்லாம் சரி, பூச்சிச் சோதனைச் சான்றிதழும் கையில் இருக்கிறது. ராத்திரி பத்தரைக்கு ஏஜென்ட் கூப்பிடுகிறார்: "மக்கா, வண்டி மாறிட்டு. பெரியது வரல்ல, சின்னதுதான் வருது. உன் சரக்கு ஆஃப்லோடு."

ஆஃப்லோடு என்றால் சரக்கு ஏறாது, அவ்வளவுதான். கம்பெனிக்கு அது ஒரு வரி மாற்றம். இரண்டு நடைபாதை உள்ள அகல உடல் விமானத்துக்குப் பதிலாக ஒற்றை நடைபாதை விமானம். பயணிகளில் மிஞ்சினவர்களை அடுத்த நாளைக்கு மாற்றினார்கள், ஓட்டல் கொடுத்தார்கள். பிச்சிமொட்டுக்கு ஓட்டல் கிடையாது. விடிவதற்கு முன்னால் பறித்த மொட்டு, ஐஸ் இருக்கிற வரைக்கும்தான் மூடியிருக்கும். விடியற்காலை மூன்று மணிக்குப் பெட்டிகளைத் திருப்பி எடுத்துக் கொண்டுவந்து திறந்தபோது பாதி விரிந்து, ஓரம் செம்பட்டை அடித்துக் கிடந்தது. நாற்றுக்கடன் வாங்கிப் பூ வளர்த்த ஒரு அக்காவுக்கு அன்றைக்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பணம் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த அக்கா காசை எண்ணாமல் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றது மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போயிங் 737 மாதிரி சின்ன விமானத்தின் சரக்கறைக்குள் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. முட்டிபோட்டு, பெல்ட்டில் ஏறி வரும் பெட்டியை ஒவ்வொன்றாகக் கையால் வாங்கித்தான் அடுக்குவார்கள். வளைகுடாவுக்குப் போகிற 180 பேர், ஆளுக்கு 30 கிலோ என்றால் பையே ஐந்தரை டன்னுக்கு நெருங்கிவிடும். நமக்கு மிஞ்சுவது கொஞ்சம். பல நாள் அதுவும் இல்லை. அகல உடல் விமானத்தில் கதையே வேறு. எல்டி3 என்று ஒரு அலுமினியப் பெட்டி இருக்கிறது, ஒரு பக்கம் கீழ் மூலை சரிவாக வெட்டினது மாதிரி இருக்கும். தரையிலேயே அடுக்கி, பூட்டி, எந்திரத்தால் உள்ளே தள்ளிவிடலாம். வெயிலில் கிடக்கிற நேரம் குறையும். காய்க்கு அதுதான் உயிர்.

இனி கணக்கைப் பாருங்கள். போயிங் 777-300இஆர் வயிற்றில் இந்த எல்டி3 பெட்டி 44 நுழையும். ஏ350-1000லும் 44. போயிங் 787-9லும் ஏ350-900லும் 36. 787-8ல் 28. நம் பையன்கள் ஆசைப்படுகிற ஏ380ல் 38தான்! ஐந்நூறு பேர் ஏறுகிற விமானம் அது. ஆளுக்கு இரண்டு பை, ஒரு பெட்டிக்குள் சுமார் 40 பை என்று வையுங்கள். 25 பெட்டி பைக்கே போய்விடும். மிஞ்சுவது 13. அதே கணக்கில் 350 பேர் போகிற 777-300இஆரில் பை போக 26 பெட்டி இடம் மிஞ்சும். ஆக, இரண்டு மாடி விமானத்தைவிட ஒரு மாடி விமானம் இரண்டு மடங்கு சரக்கு ஏற்றும். ஏ380ஐ 2007ல் முதன்முதலாக வாங்கி ஓட்டினது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். 2021 டிசம்பரில் கடைசி விமானத்தை எமிரேட்ஸிடம் கொடுத்துவிட்டு ஏர்பஸ் கடையை மூடியது. மொத்தம் 251. அதில் 123 எமிரேட்ஸுக்கு மட்டும். நான்கு எஞ்சினுக்குத் தீனி போட்டு, ஒவ்வொரு தடவையும் ஐந்நூறு பேரை நிரப்பக்கூடிய ஊர் உலகத்தில் கொஞ்சம்தான். அழகான விமானம், எனக்கும் பிடிக்கும். நம் ஊருக்கு வேண்டாம்.

விமானம் வாங்குகிற இடத்தில் இரண்டு செலவு பார்ப்பார்கள். ஒரு இருக்கைக்கு என்ன செலவு, ஒரு தடவை போய் வர என்ன செலவு. பெரிய விமானம் நிரம்பினால் இருக்கைச் செலவு குறையும். நிரம்பாவிட்டால் போய்வருகிற செலவு கம்பெனியை விழுங்கிவிடும். கல்யாணத்துக்கு வாங்கின அண்டாவில் தினமும் நாலு பேருக்குச் சோறு வடிக்க முடியுமா? தூரமும் அப்படித்தான். தேவைக்கு மேல் தூரம் பறக்கக் கட்டின விமானம், கிட்டத்தில் பறக்கும்போதும் அந்தக் கூடுதல் எடையைச் சுமந்துகொண்டேதான் பறக்கும்.

நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. ஏர் இந்தியா 2005ல் போட்ட போயிங் ஆர்டரில் 777-200எல்ஆர் 8 இருந்தது. உலகத்தின் எந்த மூலைக்கும் நிற்காமல் போகலாம் என்று பெயர் வாங்கின விமானம். எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் எரிக்க வேண்டிய நிலை. அதில் 5 விமானத்தைச் சில வருஷத்திலேயே அபுதாபியின் எத்திஹாத் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். கிங்ஃபிஷர் ஏ380க்கே ஆர்டர் கொடுத்திருந்தது, ஒன்றுகூட வாங்காமலே 2012ல் நின்றுபோனது. கடல் தாண்டி இந்தப் பக்கம் பாருங்கள், ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2016ல் நான்கு ஏ350ஐ ரத்து செய்து பெரும் தண்டம் கட்டியது. இதெல்லாம் விமானம் மோசம் என்பதால் நடந்ததா? இல்லை. பாதைக்கும் விமானத்துக்கும் பொருத்தம் பார்க்காமல் வாங்கினதால் நடந்தது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம் இதற்கும் பார்க்கணும்.

ஓடுபாதையும் ஒரு பொருத்தம்தான். கோழிக்கோடு விமான நிலையம் இருக்கிற கரிப்பூரைப் பாருங்கள். மலை உச்சியைச் சமப்படுத்திக் கட்டின ஓடுபாதை, இரண்டு பக்கமும் பள்ளம். 2015ல் அங்கே அகல உடல் விமானங்களை நிறுத்தினார்கள், 2018 டிசம்பரில் திரும்ப விட்டார்கள், 2020 ஆகஸ்ட் 7 விபத்துக்குப் பிறகு மறுபடி நிறுத்தினார்கள். அன்றைக்கு விபத்தில் சிக்கினது ஒரு 737, சின்ன விமானம். 21 பேர் போனார்கள். பெரிய விமானம் நின்றதோடு மலப்புறத்துக் காய்கறி ஏற்றுமதிக்காரர்களுக்கும் அடி, ஹஜ் போகிறவர்களுக்கும் அடி. கண்ணூரில் இதற்கு நேர் எதிர். 2018ல் திறந்தது, 3,050 மீட்டர் ஓடுபாதை, பெரிய விமானம் தாராளமாக இறங்கும். ஆனால் வெளிநாட்டு விமான நிறுவனங்கள் அங்கே வர மத்திய அரசு அனுமதி தரவில்லை. ஒரு இடத்தில் பாதை இல்லை, இன்னொரு இடத்தில் தாள் இல்லை. திருவனந்தபுரத்தில் இரண்டும் இருக்கிறது, சுமார் 3,400 மீட்டர் பாதையோடு. அதனால்தான் இங்கே எது வருகிறது என்று இவ்வளவு வேகமாகப் பேசுகிறேன்.

அப்புறம் லண்டன். எங்கள் வட்டாரத்தில் பிரிட்டனில் நர்ஸ் வேலை பார்க்காத வீடு எந்தத் தெருவிலும் இல்லை. என் தங்கையும் அங்கேதான். கொச்சியில் இருந்து ஏர் இந்தியா நேராக விட்டுக்கொண்டிருந்தது, வாரத்துக்கு மூன்று தடவை, 787-8. 2025 மார்ச் கடைசியோடு நின்றது. இப்போது என் அம்மா போக வேண்டுமானால் வளைகுடாவில் நடுராத்திரி இறங்கி, சக்கர நாற்காலிக்குக் காத்திருந்து, இன்னொரு விமானம் ஏறணும். 71 வயசு. மலையாளமும் தமிழும் தவிர ஒன்றும் தெரியாது.

அந்தச் சேவை நின்றதற்காக நான் யாரையும் திட்ட வரவில்லை. கணக்கு கடினமானது. கேரளத்தில் இருந்து லண்டன் 8,000 கிலோமீட்டருக்கு மேலே. போக, வர, தரையில் நிற்க என்று சேர்த்தால் ஒரு விமானத்துக்கு ஒரு முழு நாள் போய்விடும். அதே ஒரு நாளில் சின்ன விமானம் துபாய்க்கு இரண்டு தடவை போய்வந்துவிடும். விமானம் பற்றாக்குறையான காலத்தில் அகல உடலை எங்கே விடுவது என்று கேட்டால் டெல்லி, மும்பை என்றுதான் பதில் வரும். 777எக்ஸ் 2020ல் வரும் என்றார்கள், இப்போது 2027 என்கிறார்கள். ஒன்று தாமதமானால் பழையதை இழுத்து ஓட்டணும், பழையது பழுதானால் நம்மைப் போன்ற ஊரின் சேவைதான் முதலில் வெட்டுப்படும்.

ஆனால் இனி வரப்போகிற எண்ணிக்கையைப் பாருங்கள். ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் அறிவித்த 470 விமானத்தில் ஏ350 மட்டும் 40, 787-9 இருபது, 777எக்ஸ் பத்து. இண்டிகோ ஏ350-900க்கு முதலில் 30 என்று ஆர்டர் போட்டு, பிறகு 60 ஆக்கியது. இவ்வளவு வயிறு வரப்போகிறது. அதில் தெற்குக்கு ஒன்று கேட்பது பேராசை இல்லை.

எது கேட்கணும் என்பதில் எனக்குத் தெளிவு இருக்கிறது. ஏ350-1000 கேட்காதீர்கள், 777எக்ஸ் கேட்காதீர்கள். கொச்சிக்கும் திருவனந்தபுரத்துக்கும் 250லிருந்து 300 இருக்கை, இரண்டு எஞ்சின், 36 பெட்டி வயிறு. 787-9 அதற்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. லண்டன் போகத் தேவையான தூரம் இருக்கிறது, 777-300இஆரைவிட ஏறக்குறைய 100 டன் குறைந்த புறப்பாட்டு எடை, ஆகவே இறங்குகட்டணமும் குறைவு. பாதிப் பங்கு கலப்புப் பொருளால் செய்த உடல் என்பதால் உள்ளே காற்றழுத்தமும் ஈரமும் கூடுதலாக வைக்க முடிகிறது. அம்மா மாதிரி வயசானவர்களுக்கு அது பெரிய வித்தியாசம். வாரம் மூன்று தடவை பெரிய விமானம் என்பதைவிடத் தினமும் நடுத்தர விமானம் என்பதுதான் சரக்குக்காரனுக்கு வேண்டும். பூ திங்கட்கிழமையும் பூக்கும், செவ்வாயும் பூக்கும்.

இன்னொரு பெயரும் குழுவில் அடிபட்டது, ஏ321எக்ஸ்எல்ஆர். 2024 நவம்பரில் ஸ்பெயினின் ஐபீரியா நிறுவனம் முதலில் ஓட்டத் தொடங்கின நீளப் பயணச் சின்ன விமானம். 8,700 கிலோமீட்டர் பறக்கும், செலவு குறைவு, இதை விட்டால் நேராக லண்டன் போகலாமே என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, அந்தத் தூரம் அதற்கு எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? பின்பக்கச் சரக்கறையில் 12,900 லிட்டர் பிடிக்கிற எரிபொருள் தொட்டியை வைத்துக் கட்டிவிட்டார்கள். நம் பூ போக வேண்டிய இடத்தில்தான் அந்தத் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. அதுவும் எதிர்க்காற்றில், முழு ஆளோடு, நம் ஊரில் இருந்து லண்டன் அதற்கு எல்லைக்கோட்டுத் தூரம். சென்னையில் இருந்து வேறு எங்காவது விடட்டும். தோவாளைக்காரனுக்கு அது ஒரு கிலோவுக்கும் உதவாது.

சின்ன விமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துபாய் சுமார் 3,000 கிலோமீட்டர், நாலு மணி நேரம். ஆளை மட்டும் ஏற்ற 737 போதும். ஆனால் ஒரு பாதையில் ஓடுகிற எல்லா விமானத்தையும் சின்னதாக மாற்றிவிட்டு, "இருக்கை எண்ணிக்கை குறையவில்லை" என்று கணக்குக் காட்டும்போது, வயிற்றுக் கணக்கை யாரும் காட்டுவதில்லை. மூன்று சின்ன விமானம் ஒரு பெரிய விமானத்தின் ஆட்களை ஏற்றிவிடும். அதன் 20 சொச்சம் பெட்டி சரக்கை ஏற்றாது.

அடுத்த மாதம் புதுச் சேவை, நேரடிச் சேவை என்று எம்.பி.க்களும் வர்த்தக சேம்பர்காரர்களும் கூட்டம் போடுவார்கள். நம் ஆட்கள் நிறையப் பேர் போவீர்கள். அங்கே "லண்டனுக்கு எப்போ?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்காராதீர்கள். எழுந்து நின்று இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன விமானம் போடப்போகிறீர்கள்? பை போக எத்தனை பெட்டி இடம் தருவீர்கள்? பதிலை எழுத்தில் வாங்கி எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள்.