தவளைகள் வந்த திசை

எங்கள் சார் இறந்து பத்து நாள் ஆகிறது. நினைத்தாலே முதலில் கண்முன் வருவது ஒரு மழை இரவுதான்.

உள்ளூர்த் திட்ட அலுவலகத்தில் அவருக்கு வேலை. எங்கே வீடு வரலாம், எங்கே சாலை போகலாம், எந்த நிலத்தைத் தொடவே கூடாது என்று வரைபடத்தில் குறிப்பது. அப்போது ஒரு குட்டை விவகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே மனை போட வந்தவர்கள், அது வெறும் காய்ந்த நிலம் என்று காட்ட, கோடையில் எடுத்த படங்களைக் கொடுத்திருந்தார்கள். வெடித்த மண், காய்ந்த புல், அவ்வளவுதான். சார் பதிலே சொல்லவில்லை. முதல் பெருமழை பெய்த இரவு எங்களில் நாலைந்து பேரை அங்கே கூட்டிப்போய், டார்ச்சை அணைக்கச் சொன்னார். காதை அடைக்கிற தவளைச் சத்தம். அப்புறம் குனிந்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தார். மரங்கள் இருந்த பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தன. தண்ணீரைப் பார்க்காதீர்கள், இவை எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள் என்றார்.

பல தவளை இனங்கள் இப்படிப்பட்ட மழைக்குட்டைக்கு முட்டையிட மட்டுமே வரும். மீதி நாளெல்லாம் சில நூறு மீட்டர் தள்ளி, சருகுக்கு அடியில் கிடக்கும். குட்டை வற்றினால் மீன் தங்காது. மீன் இல்லாததால்தான் முட்டையும் தலைப்பிரட்டையும் பிழைக்கின்றன. கோடையில் காய்ந்து கிடப்பதால்தான் அது தவளைக் குட்டை.

குட்டையைச் சுற்றி வேலி போட்டுவிடுகிறோம், மீதியில் கட்டிக்கொள்கிறோம் என்று கூட்டத்தில் சமரசம் பேசினார்கள். எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது. அவர் மட்டும் அசையவில்லை. நாலு மாதம் உட்கார்ந்து வரைபடத்தைத் திருத்தினார். வீடுகளை எல்லாம் சாலைப் பக்கம் நெருக்கிக் கொண்டுவந்து, மரப் பக்கத்தைக் குட்டையோடு சேர்த்து விட்டுவைத்தார். வீடு கட்டுகிறவர்களை அவர் ஒருநாளும் எதிரியாகப் பேசியதில்லை. இதற்காகவே சில நண்பர்கள் அவரிடம் கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் கோபித்தது தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கை அடிக்கடி உதாரணம் சொல்வார். அங்கே ஒரு பல்லி. விரல் ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி செதில் இருக்கும், நீந்துவது போல மணலுக்குள் புகுந்துவிடும். அமெரிக்க அரசு 1980-ல் அதை அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. 1986-ல் அதற்கென்றே ஒரு வாழிடப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. ஆனால் பல்லி இருக்கும் மணல்மேட்டின் மணல் அங்கேயே உண்டானதில்லை. மலை ஓடைகளில் வெள்ளம் அடித்துவருவதைக் காற்று வாரிக்கொண்டு வந்து சேர்க்கிறது. அந்த வழியில் சுவர் எழுந்தால், மேட்டை யாரும் தொடாமலே மென்மணல் குறைந்துகொண்டே போகும். குட்டைக்கு மரங்கள் எப்படியோ, மேட்டுக்கு அந்த ஓடையும் காற்றும் அப்படி.

கோடு போட்டதோடு வேலை முடியாது என்பதிலும் அவர் கறார். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சான் புரூனோ மலையில் மிஷன் ப்ளூ என்ற சின்ன நீலப் பட்டாம்பூச்சி உண்டு. லூபைன் செடியில்தான் முட்டையிடும். 1980-களின் தொடக்கத்தில், மலையின் ஒரு பகுதியில் கட்ட அனுமதித்து, பெரும்பகுதியைக் காப்பது என்று அங்கே திட்டம் போட்டார்கள். அமெரிக்காவில் அந்த வகையில் அதுதான் முதல் திட்டம். ஆனால் காப்பாற்றிய நிலத்திலும் புதர் ஏறி லூபைனை மூடுகிறது. வருடா வருடம் வெட்ட ஆள் வேண்டும், பணம் வேண்டும். நாம் அறிவிப்பு வந்த அன்று கைதட்டிவிட்டுப் போய்விடுகிறோம். பத்தாவது வருடம் புதர் வெட்டக் காசு இருக்கிறதா என்று கேட்பவர் யார்? சார் கேட்டார். ஓய்வு பெற்ற பிறகும் கூட்டத்துக்குக் கூட்டம் போய் அதையே கேட்டார்.

முதல் மழை பெய்த தேதி, தவளைச் சத்தம் தொடங்கிய நேரம், எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை வந்தன என்று வருடம் தவறாமல் நோட்டில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார். சில பக்கங்களில் மழை பட்டு எழுத்து கலைந்திருக்கிறது. அவர் இருந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அந்த நோட்டுகள் அந்த ஆளின் கைக்குப் போக வேண்டும் என்று சார் வீட்டில் கேட்டேன். சரி என்றார்கள். ஒரு நகல் எடுத்துக்கொள்ள எனக்கும் அனுமதி கொடுத்தார்கள்.