பின்னிருக்கையில் ஓர் உலகச் சாம்பியன்

லாரின் வில்லியம்ஸ் என்றாலே, கோடைக்கால ஒலிம்பிக்கிலும் குளிர்கால ஒலிம்பிக்கிலும் பதக்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். உண்மைதான். ஆனால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது, பதக்கம் எதுவும் கிடைக்காத ஓர் ஓட்டத்தில்.

2008, பெய்ஜிங். 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தின் அரையிறுதி. கடைசி நூறு மீட்டர் இவருடையது. டோரி எட்வர்ட்ஸ் நீட்டிய கோல் இவர் கையில் சிக்காமல் தரையில் விழுந்தது. மற்ற அணிகள் போய்விட்டன. இவர் திரும்பிச் சென்று கோலைப் பொறுக்கிக்கொண்டு, எல்லோரும் ஓடி முடித்த பாதையில் தனியாக ஓடிக் கோட்டைக் கடந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஏதென்ஸ் இறுதிப்போட்டியிலும் மரியன் ஜோன்ஸிடமிருந்து இவருக்குக் கோல் முறையாக வந்து சேரவில்லை. பள்ளி நாட்களில் ஒரு வட்டாரப் போட்டியில் என் கையிலிருந்தும் கோல் நழுவியிருக்கிறது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். அதனால்தான் அந்தத் தனி ஓட்டத்தை என்னால் மறக்க முடியவில்லை.

தனியாக ஓடியபோது அவர் சாதாரண ஆள் இல்லை. ஏதென்ஸில் நூறு மீட்டரை 10.96 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். தங்கத்துக்கும் அவருக்கும் இடைவெளி 0.03 விநாடி. 2005இல் ஹெல்சிங்கியில் உலகச் சாம்பியன். 2012 லண்டனில் தொடர் ஓட்டத்தின் தகுதிச் சுற்றில் மட்டும் ஓடினார். இறுதியில் அவர் இல்லாத அணி 40.82 விநாடியில் உலக சாதனை படைத்தது. தகுதிச் சுற்றில் ஓடியவர்களுக்கும் தங்கம் உண்டு என்பதால் அவருக்கும் கிடைத்தது.

2013இல் ஓட்டத்தை விட்டவரிடம், பனிப்பாதையில் வண்டியில் சறுக்கி இறங்கும் பாப்ஸ்லெட்டைப் பற்றிச் சொன்னவர், தடை ஓட்ட வீராங்கனை லோலோ ஜோன்ஸ். முப்பது வயதில் ஒரு புது விளையாட்டு. அதிலும் பின்னால் அமரும் வேலை! இருவர் வண்டியில் முன்னால் இருப்பவர் ஓட்டுநர். பின்னால் இருப்பவர், ஓட்டுநரோடு சேர்ந்து அந்தக் கனத்த வண்டியைப் பனியில் ஏறக்குறைய ஐம்பது மீட்டர் தள்ளிக்கொண்டு ஓடி, தாவி ஏறி, தலையை முழங்கால்களுக்கு இடையே புதைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் ஒன்றையும் பார்க்காமல் இறங்க வேண்டும். எல்லைக்கோட்டைக் கடந்ததும் பிரேக்கை இழுப்பதும் அவர்தான். உலகமே பார்க்க ஓடியவர், முகம்கூடத் தெரியாத இந்த இடத்துக்கு மனமுவந்து போனார். பதக்கக் கணக்கைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஓட்டக்காரர்கள் சில மாதப் பயிற்சியோடு வந்து, பல ஆண்டுகள் உழைத்தவர்களின் இடத்தைப் பறிக்கிறார்கள் என்ற கோபம் அப்போது எழுந்தது. அந்த வலி நியாயமானது. அதை அலட்சியப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனாலும் வண்டியைத் தள்ளி ஓடும் அந்த முதல் ஐந்து விநாடியில் இழந்ததைப் பின்னால் எந்த வளைவிலும் எளிதில் மீட்க முடியாது. அந்த ஐந்து விநாடிக்காகத்தான் அவர் பத்தாண்டுக்கு மேல் உழைத்திருந்தார், ரப்பர் தளத்தில் என்றாலும். அவருடைய ஓட்டுநர் எலானா மேயர்ஸும் சாஃப்ட்பால் விளையாடிவிட்டு வந்தவர்தான். எதிரணி கனடாவின் ஹெதர் மோய்ஸோ நாட்டுக்காக ரக்பி ஆடியவர்.

2014 பிப்ரவரி, சோச்சி குளிர்கால ஒலிம்பிக். நான்கு ஓட்டங்களின் கூட்டு நேரம்தான் முடிவு. மூன்று ஓட்டங்கள் வரை மேயர்ஸும் வில்லியம்ஸும் முன்னிலை. கடைசியில் கெய்லி ஹம்ஃப்ரிஸ், மோய்ஸ் இணையிடம் 0.10 விநாடியில் தங்கம் போயிற்று. வென்றிருந்தால், 1920 கோடைக்கால ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையிலும் 1932 குளிர்கால ஒலிம்பிக்கில் நால்வர் பாப்ஸ்லெட்டிலும் தங்கம் வென்ற எடி ஈகனுக்குப் பக்கத்தில் அவர் பெயர் இருந்திருக்கும். அந்த 0.10 விநாடியை வைத்து அவரைத் தோற்றவராக எழுதியவர்கள் மீது எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. வந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு விளையாட்டில் ஒலிம்பிக் வெள்ளி அது!

சோச்சிக்குப் பிறகு அவர் நிதி ஆலோசகராகிவிட்டார். நான் இன்றும் நினைத்துப் பார்ப்பது அந்த நான்காவது ஓட்டத்தைத்தான். வண்டி வழியில் தடுமாறியதை அவர் பார்த்திருக்க முடியாது. முதுகிலும் தோளிலும்தான் உணர்ந்திருப்பார். கடிகாரம் என்ன காட்டியது என்று தெரியாமலே, கோட்டைத் தாண்டியதும் பிரேக்கை இழுத்தார்.